ஊழும் முன்காப்பும்: அம்பாறைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

பேரழிவொன்று நிகழ்ந்து முடிந்தபின், உயிர் தப்பியோர் வாயினின்றும் முதலில் எழுவது பெரும்பாலும் ஒரே கருத்தாகவே இருக்கின்றது. தமிழ்ச் சைவர் அதனை ஊழ் என்பர், தலையெழுத்து என்பர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதனைக் கத்ர் என்பர். அல்லாஹ்வின் நாட்டம் என்பர். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. நிகழ்ந்தது நிகழவேண்டியதே, அதனைத் தடுக்க மனிதனால் இயன்றிராது என்பதே அப்பொருள். துயரில் ஆழ்ந்த நெஞ்சுக்கு இச்சொல் தரும் ஆறுதலை எவரும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் இச்சொல்லுக்குள் ஓர் அறவியற் சிக்கல் மறைந்து கிடக்கின்றது. யாவும் முன்னரே விதிக்கப்பட்டனவெனின், வரக்கூடிய அழிவுக்கு முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல் மனிதனின் கடமையாகுமா? ஆகுமெனின், அக்கடமையில் தவறியமையால் நேர்ந்த மரணத்தையும் விதியின் கணக்கிலேயே எழுதிவிடலாமா? இவை ஏட்டளவில் நின்றுவிடும் வினாக்கள் அல்ல. கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோர மக்களைப் பொறுத்தவரை இவை உயிரோடு தொடர்புபட்ட வினாக்களாகும்.

வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை தொடக்கம் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஊடாகத் தெற்கே பொத்துவில் வரை, முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் கடலோரமாக ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. கல்முனையை அண்டிய ஊர்கள் ஒடுங்கியதொரு மணற்றிடலில் நெருக்கமாகக் குடியிருப்பவை. அவற்றுக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்பும் சதுப்பும் நெல்வயல் வட்டைகளும். கடல் பொங்கினால் நீர் கிழக்கிலிருந்து வரும். மாரி பெருகினால் மேற்கிலிருந்து வரும். மீனவனுக்கும் போடியாருக்கும் வாழ்வளிப்பது எதுவோ, அதுவே அவர்களை அச்சுறுத்துவதும் ஆகும். வடகீழ்ப் பருவக் காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் இக்கரைக்குப் புதியன அல்ல. 1978 நவம்பர் 23 ஆந் திகதி கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; தென்னந் தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. ஆகவே, இங்கு இயற்கையின் சீற்றம் எவரும் எதிர்பாராத விருந்தாளி அன்று. எப்போது வரும் என்பதே தெரியாதது. வரும் என்பது தெரிந்ததே.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி நிகழ்ந்ததை இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே நோக்குதல் வேண்டும். அன்று அதிகாலை, இலங்கையின் அப்போதைய நேரக் கணக்கில் ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கடலடியில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கடந்தே இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் ஆகக்கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அதுவே. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலை அண்டியிருந்த தெருக்கள் அடையாளமின்றிப் போயின. சமயமும் இனமும் பாராது மக்கள் மாண்டனர். சமயமும் இனமும் பாராது அடக்கஞ் செய்யப்பட்டோரும் பலர்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது அந்த இரண்டு மணித்தியால இடைவெளியாகும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே செல்ல, நடக்கக்கூடிய ஒருவருக்குக் கால் மணித்தியாலம் போதும். குழந்தையைச் சுமந்த தாய்க்கும் தடியூன்றிய முதியவருக்கும் அரை மணித்தியாலம் போதும். கடலுக்கு அடியில் நிலம் நடுங்கியதை மனிதனால் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால், நடுக்கத்துக்கும் அலைக்கும் இடைப்பட்ட நேரம் மனிதனின் கையில் இருந்த நேரமாகும். பசிபிக் சமுத்திரத்தில் 1949 ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்து சமுத்திரத்திலோ அன்று அத்தகையதொரு முறைமை இருக்கவில்லை. செய்தி உலகின் ஒரு பகுதியில் இருந்தது. அது போய்ச் சேரவேண்டிய கரைக்கு வரும் வழி அமைக்கப்பட்டிருக்கவில்லை. அலையை விதி எனலாம்; வழி அமைக்கப்படாமையை எவ்வாறு விதி எனலாம்?

மற்றுமொரு குறையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கடல் நிலத்தை விழுங்கும் செய்தி தமிழுக்குப் புதியதன்று. பஃறுளியாறும் குமரியும் கடலுட் போன கதையைச் சிலப்பதிகாரமும், நிலத்தைக் கடல் கொண்ட கதையை இறையனார் களவியலுரையும் பேசுகின்றன. கடல்கோள் என்னும் சொல்லைப் பள்ளியிற் பயின்ற மாணவர் ஆயிரக்கணக்கானோர். ஆயினும், 2004 இல் இலங்கைக் கரையின் பல இடங்களில் முதலலை வடிந்து கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கியபோது, அதனை வேடிக்கை பார்க்கவும் கரையிற் கிடந்த மீனைப் பொறுக்கவும் சென்றோர் இருந்தனர். சொல் பாடநூலில் வாழ்ந்தது. அச்சொல்லின் பொருள் கரையில் வாழவில்லை. பழம்பெருமையாக மாத்திரம் பேணப்பட்ட நினைவு எவரையும் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அழிவின் பின்னர் வேறொரு விளக்கமும் எழுவதுண்டு. மக்களின் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே அழிவு என்பது அவ்விளக்கம். களனித் திஸ்ஸ மன்னன் இழைத்த அநீதியால் கடல் பெருகியது என்னும் இலங்கையின் பழைய ஐதிகத்திலும் இந்நோக்கையே காண்கிறோம். 1755 நவம்பர் முதலாந் திகதி, கிறித்தவர்களின் புனிதர் திருநாளன்று, போர்த்துக்கலின் தலைநகரான லிஸ்பனைப் பூகம்பமும் கடலலையும் தீயும் அழித்தபோது ஐரோப்பாவிலும் இவ்வாறே பேசப்பட்டது. அவ்வேளை வோல்டேயர், இத்துணைத் துன்பம் நிறைந்த உலகை நன்கமைந்த உலகென்று கூறுவோரைக் கண்டித்துப் பாடினார். ரூசோ அவருக்கு எழுதிய மடலில் விவாதத்தையே வேறு திசைக்குத் திருப்பினார். ஆறேழு மாடிகள் கொண்ட வீடுகளை அங்கு நெருக்கமாகக் கட்டியது இயற்கை அன்று. மக்கள் பரந்து வாழ்ந்திருந்தால் இழப்புக் குறைந்திருக்கும் என்பது அவர் வாதமாக இருந்தது. அழிவின் ஒரு பாதி நிலத்தின் செயல். மறு பாதி மனிதன் அந்நிலத்தில் வாழ்ந்த முறை. இப்பாகுபாடு அறவியலுக்கு ரூசோ அளித்த கொடை எனலாம். தண்டனை வாதத்தை ஏற்போர் ஒன்றை விடை கூறாது விடுகின்றனர். கல்முனைக் கரையில் அலை முதலிற் கொண்டுபோனது குழந்தைகளையும் பெண்களையும் முதியோரையும் கடற்கரைக் குடிசையில் வாழ்ந்த வறியோரையுமே. பாவம் அவர்களிடத்தில்தான் மிகுந்திருந்ததென்று கூற எந்த நீதிமான் துணிவான்?

இனி, இக்கரையின் பெரும்பான்மையோர் ஏற்றொழுகும் இஸ்லாம் இவ்வினாவுக்கு என்ன விடை தருகின்றது எனப் பார்ப்போம். இறைவன் மீது முழுமையாகப் பொறுப்புச் சாட்டுதல் 'தவக்குல்' எனப்படும். இது முஸ்லிமின் நம்பிக்கையில் உயர்ந்த இடம் பெற்றது. ஆனால், தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருத்தல் அன்று. ஒட்டகத்தைக் கட்டாது விட்டு இறைவனை நம்பியிருக்கவா என்று கேட்டவருக்கு, முதலில் அதனைக் கட்டு. அதன்பின் நம்பியிரு என நபிகளார் வழிகாட்டியதாக ஹதீஸ் கூறும். வெள்ளம் வருமென்று அறிவிக்கப்பட்ட நபி நூஹ் அவர்கள், அது இறைவனின் நாட்டமே எனக் கூறி வாளாவிருக்கவில்லை; இறைவனின் கட்டளைப்படியே கப்பலைக் கட்டினார்கள். பஞ்சம் வருமென்று கனவின் பொருளுரைத்த நபி யூசுப் அவர்கள், விளைச்சல் மிகுந்த ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். ஷாம் தேசத்தை நோக்கிப் பயணித்த கலீபா உமர் அவர்கள், அங்கு கொள்ளைநோய் பரவியுள்ளதை வழியில் அறிந்து படையுடன் திரும்ப முடிவு செய்தபோது, இறைவனின் விதியினின்றும் ஓடுவதா என அபூ உபைதா அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியினின்றும் அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பது உமர் அவர்களின் விடையாயிற்று. பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் இடையன் எச்சரிவில் மேய்த்தாலும் அது விதியின்படியே ஆகும் என்று அவர்கள் உவமையும் காட்டினார்கள். ஆபத்து மட்டும் விதியன்று. ஆபத்தினின்றும் விலகும் அறிவும் விதியே. அபாயத்தை இறைவனின் ஆக்கமாக ஏற்பவன், எச்சரிக்கை கேட்கும் செவியையும் விலகி நடக்கும் காலையும் இறைவன் தந்ததாக ஏற்க மறுத்தல் முரணாகும்.

இக்கரையின் சைவத் தமிழருக்கும் இவ்விணைப்பு அந்நியமன்று. திருக்குறளின் அறத்துப்பால் முப்பத்தெட்டாம் அதிகாரமாகிய ஊழுடன் முடிவுறுகின்றது. அதே நூலின் அறுபத்திரண்டாம் அதிகாரம் ஆள்வினையுடைமை எனப் பெயர் பெறுகின்றது. ஊழின் வலியைச் சொன்ன அறிஞரே முயற்சியின் கடமையையும் சொல்லியிருப்பதை முரண்பாடு எனக் கொள்வோர் உளர். ஆயின், இரண்டும் வெவ்வேறு வேளைகளுக்கு உரியவை எனக் கொண்டால் முரண்பாடு நீங்கும்.

இவ்வேளை வேறுபாட்டிலேயே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு விடை உள்ளது. விதி என்னும் சொல் உண்மையா பொய்யா என்பதை விட, அதனை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதே அறவியலில் முதன்மை பெறவேண்டிய வினாவாகும். தன் பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய், நிகழ்ந்தபின், இது இறைவனின் நாட்டம் என்கிறாள். அச்சொல் அவளை நிற்கவைக்கின்றது; மறுநாள் எழுந்து மற்றப் பிள்ளைக்குச் சோறாக்க வைக்கின்றது. அது அவளுக்கு உரிய சொல். அதே சொல்லை, அழிவுக்கு முன்னர், எச்சரிக்கைக் கோபுரத்தைப் பழுது பார்க்கவேண்டிய பொறுப்பிலுள்ள ஒருவர் சொல்வாராயின், அது பொறுப்பைத் தட்டிக்கழித்தலாகும். அழிவின் பின்னர் அவரே அதனைச் சொல்வாராயின், அது தன் குற்றத்தை இறைவன் மீது சாட்டுதலாகும். தனக்கு நேர்ந்ததை ஏற்றுக்கொள்ள விதி என்னும் சொல் உதவலாம். பிறருக்கு நேரவிருப்பதைத் தடுக்காதிருக்க அது உதவலாகாது. நீரில் மூழ்கி மரணிப்போர் ஷஹீத் எனும் தகுதி பெறுவர் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அது உற்றாரை இழந்தோருக்கு அருளப்பட்ட ஆறுதல். பழுதான தோணியில் அவர்களை ஏற்றி அனுப்பியவனுக்கு வழங்கப்பட்ட மன்னிப்பு அன்று.

இவ்வளவையைக் கொண்டு அண்மைய நிகழ்ச்சியொன்றை நோக்கலாம். 2024 நவம்பர் 26 ஆந் திகதி, கடும் மழையால் ஊர்கள் நீரில் மூழ்கியிருந்த வேளையில், நிந்தவூரிலிருந்து சம்மாந்துறை நோக்கி வீடு திரும்பிய மதரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரமொன்று, காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இளம் மாணவர் பலர் உயிரிழந்தனர். அப்பிள்ளைகளின் பெற்றோர் அதனை இறைவனின் நாட்டமென்று ஏற்றிருப்பின், அப்பொறுமைக்கு ஊர் தலைவணங்குதல் வேண்டும். ஆனால், அவ்வீதி மாரிகாலத்தில் நீரில் மூழ்குவது எவரும் அறியாத செய்தியன்று. நீர் எவ்வளவு உயர்ந்தால் வீதியை மூடுவது, மூடும் அதிகாரம் யாருக்கு, மூடியபின் பயணிகள் எங்கே தங்குவது, விடுதி மாணவரை எப்போது அனுப்புவது, எப்போது நிறுத்திவைப்பது என்பன மழைக்கு முன்னரே தீர்மானிக்கத்தக்க காரியங்களாகும். இவற்றைத் தீர்மானியாது விட்ட சமூகம் முழுவதற்கும் அவ்வினாக்களில் பங்குண்டு. தனியொருவரைப் பிடித்துப் பழி சுமத்துவதால் மற்றையோரின் பங்கு கழிந்துபோவதில்லை.

எனினும், முன்காப்பைக் கடமையென்று போதிப்பது எளிது. அக்கடமையைச் செய்யும் வலிமை எல்லோருக்கும் சமமாக உண்டா என்பது அடுத்த வினா. கரைவலை இழுப்பவன் கடலருகே வாழ்வது அறியாமையால் அன்று. தோணியும் வலையும் வாடியும் அங்கே இருப்பதால். ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 ஆம் ஆண்டில், வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. காக்கும் நோக்கோடு வந்த விதி அது. ஆனால், மணற்றிடலில் நெருங்கி வாழும் கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் 200 மீற்றரை விட்டுக்கொடுத்தால் அம்மக்கள் செல்ல நிலமில்லை. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. இக்கரையின் குடும்ப மரபும் இதனோடு பிணைந்துள்ளது. இங்கு முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகவே செல்கின்றன. மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவான். தாயின் வளவு மகளருக்குப் பிரிந்து, ஒன்றையொன்று தொட்ட வீடுகளாகின்றது. ஆகவே, கரையோர வீட்டை இழந்த பெண் சுவரையும் கூரையையும் மட்டும் இழக்கவில்லை. மகளின் சீதனத்தையும், சகோதரிகள் அருகிருக்கும் பாதுகாப்பையும் இழந்தாள். அவளைத் தொலைவிலுள்ள திடலுக்குப் போகச் சொல்பவர், அவள் இழந்தது யாதென அறிந்தே சொல்லுதல் வேண்டும்.

போக விரும்பியோருக்கும் வழி எப்போதும் திறந்திருக்கவில்லை. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்டோருக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை எவ்வினத்தவருக்கு எவ்விகிதத்தில் வழங்குவது என்னும் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் பல ஆண்டுகள் குடிபுகுவாரின்றிக் கிடந்தன. வீடற்றவர் ஒருபுறம், ஆளற்ற வீடுகள் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே நின்றது கடலன்று. ஒலுவிலில் 2013 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட துறைமுகமும் இவ்வாறே எண்ணத்தக்கது. அதன் கட்டுமானங்கள் மணலின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்தமையால், துறைமுக வாயிலை மணல் மூடியது. அருகிலுள்ள கரையையோ கடல் அரித்தது. தென்னைகளும் தோட்டங்களும் கடலுட் சென்றதைக் கண்ட ஒலுவில் மக்களிடம் போய், இது இயற்கையின் சீற்றம் என்று கூற எவருக்கும் நாவெழாது. ஆகவே, முன்காப்பு என்பது தனிமனிதனின் விவேகம் மாத்திரம் அன்று. அது நீதியின் ஒரு கூறு. நிலப் பங்கீட்டில் நேர்மையும், திட்டமிடலில் மக்களின் குரலும் இல்லாதவிடத்து, வறியவனைப் பார்த்து நீ ஏன் முன்னேற்பாடு செய்யவில்லை என்று கேட்பது மற்றொரு அநீதியாகும்.

இன்னுமொரு தடையையும் கருதுதல் வேண்டும். 2012 ஏப்ரல் 11 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. இம்முறை எச்சரிக்கை வந்தது. இலங்கையின் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டை நோக்கி விரைந்தனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சலிப்புற்றிருக்கலாம். இச்சலிப்பே அடுத்த எச்சரிக்கையின் எதிரி. ஆனால், காவலாளி ஓரிரவு விழித்திருந்து கள்வன் வரவில்லையெனின், அவ்விழிப்பு வீணாயிற்று என எவரும் கூறார். 2004 இல் எச்சரிக்கையின்றி அலை வந்தது. 2012 இல் அலையின்றி எச்சரிக்கை வந்தது. இவ்விரண்டில் எதனை மீண்டும் விரும்புவீர் எனக் கல்முனைத் தாயொருத்தியிடம் கேட்டால் அவள் விடை கூறத் தயங்காள்.

வறுமையும் இறைநம்பிக்கையும் முன்காப்புக்குத் தடையல்ல என்பதை வங்காளதேசம் மெய்ப்பித்துள்ளது. 1970 நவம்பரில் அந்நாட்டைத் தாக்கிய சூறாவளியில் குறைந்தது மூன்று லட்சம் மக்கள் மாண்டனர். 1972 இல் அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து சூறாவளி முன்னாயத்தத் திட்டமொன்றைத் தொடங்கின. கிராமந்தோறும் தொண்டர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் மக்களைப் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்லப் பயிற்றப்பட்டனர். முன்னேற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1991 இன் சூறாவளியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். புகலிடங்கள் பெருகின, பெண் தொண்டர்கள் சேர்ந்தனர். 2007 இல் 'சித்ர்' எனும் கடும் சூறாவளி தாக்கியபோது இறப்பு மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. அதே கடல், அதே வறுமை, அதே தொழுகை. மாறியது ஆயத்தமே.

கருவியேதுமின்றி நினைவே காத்த வரலாறும் உண்டு. 2004 பூகம்பத்தின் மையத்துக்கு அண்மையிலுள்ள இந்தோனேசியாவின் சிமெலூ தீவில், 1907 இல் ஒரு கடல்கோள் நிகழ்ந்திருந்தது. நிலம் பலமாக நடுங்கி, கடல் பின்வாங்கினால் மலையை நோக்கி ஓடவேண்டும் என்பதை அத்தீவின் முதியோர் 'ஸ்மோங்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். 2004 இல் அலை அங்கு சில நிமிடங்களிலேயே வந்தது. ஆயினும் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களும் முஸ்லிம்களே, அவர்களும் எல்லாம் இறைவனின் நாட்டமென்று நம்புவோரே. அவர்களிடம் இருந்தது ஒரு சொல். கடல்கோள் என்னும் சொல் தமிழரிடமும் இருந்தது. வேறுபாடு யாதெனின், அவர்கள் தம் சொல்லைப் பாட்டிமாரின் வாயில் வைத்தனர். தமிழர் தம் சொல்லை உரைகாரரின் ஏட்டில் வைத்தனர்.

இக்கடமை யாருடையது என்பதே எஞ்சியுள்ள வினா. அரசுடையது என்பது சரியான விடையே. ஆயினும் முழுமையான விடை அன்று. 2005 இல் நிறைவேற்றப்பட்ட 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் தேசிய சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைக்கப்பட்டன. சட்டம் வழி அமைக்கலாம். வீட்டு வாசல்தோறும் வந்து தட்டும் கையைச் சட்டம் மட்டும் தரமுடியாது. இவ்விடத்தில் இஸ்லாமியச் சட்டம் கூறும் 'பர்ளு கிபாயா' என்னும் கருத்துப் பெரிதும் பொருந்துகின்றது. ஊரில் ஒருவர் இறந்தால் அவரைக் குளிப்பாட்டி, தொழுவித்து, அடக்கஞ் செய்தல் ஊரார் அனைவர் மீதும் கடமை. சிலர் செய்துவிட்டால் மற்றையோர் பொறுப்பினின்றும் நீங்குவர். எவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகள். 2004 டிசம்பரின் இறுதி நாட்களில் இக்கரையின் மக்கள் அக்கடமையைக் கண்ணீரோடு நிறைவேற்றினர். முகந் தெரியாத ஜனாஸாக்களையும் தம் உறவினர்போல் சுமந்தனர். இறந்தவனை அடக்குதல் ஊரின் கூட்டுக் கடமையாயின், அவன் இறவாதிருக்க எச்சரித்தல் அதனினும் முந்திய கூட்டுக் கடமை அன்றோ?

அக்கடமையை ஆற்றுவதற்கான உறுப்புகள் ஊரிலேயே உள்ளன. ஐந்து வேளையும் ஒலிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, எந்த அபாயச் சங்கிலும் விரைவாக வீடுகளை எட்டும். கோயில் மணியும் அவ்வாறே. குடிவழியாக மரைக்காயர்மாரைத் தெரிந்து பள்ளிவாசலை நிருவகித்த மரபு இக்கரைக்கு உரியது; எந்தக் குடியில், எந்த வீட்டில், நடக்கவியலாத முதியவர் உள்ளார் என அறிந்தவர்கள் அவர்களே. வெள்ள நீர் வடிய முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரரும் மீனவரும் கூடிப் பேசும் வழக்கமும் உண்டு. அலுவலகங்களிலிருந்து வரும் அறிவித்தல் பிழையற்ற தமிழில், உரிய வேளையில் வருதல் வேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை வாராத எச்சரிக்கையே. இவற்றோடு பெண்களின் இடமும் கருதப்படல் வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த ஆய்வு, ஆண்களினும் பெண்களும் சிறுவரும் மிகுதியாக மாண்டதைக் காட்டிற்று. எச்சரிக்கை சந்தியிலும் பள்ளிவாசல் முன்றலிலும் நின்றுவிட்டால், அது வீட்டினுள் இருப்போரைச் சேராது. நீந்தவும் ஓடவும் முடிவெடுக்கவும் பெண் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நாகரிகத்துக்கு மாறானதென்று கருதும் சமூகம், அக்கருத்துக்கு உயிர்களை விலையாகக் கொடுக்கின்றது.

2025 நவம்பரில் 'தித்வா' சூறாவளி இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் கடலைக் காணாத மலைநாட்டு மக்கள். அழிவு கரைக்கு மாத்திரம் உரியதன்று என்பதும், அதன் வரவுகளுக்கு இடையிலுள்ள காலம் குறுகியது என்பதும் இதனால் மீண்டும் தெளிவாயின. 2004 க்குப் பின் பிறந்தோர் இன்று இக்கரையில் வாக்குரிமை பெற்ற இளைஞர்களாய் உள்ளனர். அவர்களுக்கு ஆழிப்பேரலை பிறர் சொல்லக் கேட்ட கதை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 இல் பிரார்த்தனையும் தீபமும் இரண்டு நிமிட மௌனமும் அனுட்டிக்கப்படுகின்றன. அவை இறந்தோருக்குச் செய்யும் மரியாதை. அதே நாளில், ஒவ்வோர் ஊரிலும், பாடசாலைப் பிள்ளை தன் வீட்டிலிருந்து மேட்டு நிலத்துக்குச் செல்லும் பாதையை ஒருமுறை நடந்து பழகுவானாயின், அது உயிரோடிருப்போருக்குச் செய்யும் மரியாதையாகும். இரண்டும் சேர்ந்ததே நினைவு.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகின்றது. கடலோடிகளின் காவலராகக் கருதப்படும் அம்மகானை நினைந்து மீனவர் அங்கு கூடுவர். கூடியவர்கள் வீடு திரும்பியதும் தோணியைப் புரட்டி, பலகைகளின் இடைவெளியை அடைக்கவே செய்வர். வேண்டுதல் செய்தோம், இனி அடைக்கத் தேவையில்லை என்று எந்த மீனவனும் தோணியைக் கடலில் இறக்கியதில்லை. அவன் கற்ற தவக்குல் அதுவே. தன் தோணிக்கு அவன் செய்வதை ஊர் தனக்குத் தான் செய்துகொள்ள வேண்டும். அதன்பின்னும் அலை வந்து எவரையேனும் கொண்டுபோகுமாயின், விதி என்று சொல்லி அழும் உரிமை அப்போது ஊருக்கு உண்டு.